காயத்தோடு களமிறங்கும் வழக்கம்: கிராண்ட்பாஸ் அயலில் இளம் மெய்வல்லுநர்களின் வரலாறு

கொழும்பு மாநகரின் வடக்கு விளிம்பில், களனி கங்கையின் தென்கரையை ஒட்டி அமைந்துள்ள கிராண்ட்பாஸ், ஐரோப்பியர் காலத்தில் ஆற்றைக் கடக்கும் பெருந்துறையாக இருந்து அப்பெயரைப் பெற்ற இடமாகும். 1822 இல் பிரித்தானியர் அமைத்த படகுப் பாலமும், 1895 இல் திறக்கப்பட்ட விக்டோரியா பாலமும் அத்துறையின் தேவையை இல்லாமற் செய்துவிட்ட போதிலும், 1875 இல் தொடங்கிய அலைதாங்கிப் பணிகளால் கொழும்புத் துறைமுகம் விரிவடைந்தபோது, துறைமுகத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே பண்டகசாலைகளும் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நெருங்கி எழுந்தமையால், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் உழைப்பாளர் பகுதியாக அது நிலைபெற்றது. வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய இக்குடியிருப்புகளில் பிள்ளைகள் ஓடியாடும் வெளி மிக அரிது. ஆயினும், நாட்டின் முதன்மையான மெய்வல்லுநர் களமான சுகததாச விளையாட்டரங்கும், கெத்தாராமையில் 1986 இல் திறக்கப்பட்ட பிரேமதாச கிரிக்கெட் மைதானமும் இதன் அயலிலேயே அமைந்தன. இடநெருக்கடிக்கும் பெரும் அரங்குகளுக்கும் இடையே வளர்ந்த சிறுவர் விளையாட்டின் வரலாற்றில், காயத்தையும் காய்ச்சலையும் மறைத்துக்கொண்டு பயிற்சிக்கும் போட்டிக்கும் போகும் வழக்கம் எப்படி வேர்விட்டது என்பதும், அதனை எது மாற்றக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வழக்கத்தின் தொடக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாடசாலைகளிலே தேடவேண்டும். கிராண்ட்பாஸுக்கு அடுத்த கொட்டாஞ்சேனையில் 1865 இல் புனித பெனடிக்ற் கல்லூரியும், 1869 இல் நல்லாயன் கன்னியர் மடப் பாடசாலையும் தோன்றின. தென்னந்தோப்புகளும் கறுவாத் தோட்டங்களும் இருந்த நகரின் ஏனைய பகுதிகளிலும் ஆங்கிலமொழிக் கல்லூரிகள் பெருகின. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் அக்காலத்தில் வலுப்பெற்றிருந்த ஒரு கொள்கை, அதாவது ஆண்பிள்ளையின் ஒழுக்கத்தை வகுப்பறையைவிட மைதானமே நன்கு உருவாக்கும் என்ற கொள்கை, ஆசிரியர்களோடும் குருமாரோடும் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. நோவைப் பொறுத்துக்கொள்வதும், அதனை முகத்தில் காட்டாதிருப்பதும், குழுவுக்காகத் தன்னை மறப்பதும் அக்கொள்கையின் முக்கிய பாடங்களாக விளங்கின. 1913 முதல் 1919 வரை குடியேற்றச் செயலாளராகவும், பின்னர் 1933 முதல் 1937 வரை ஆளுநராகவும் இலங்கையில் பணியாற்றிய ஸ்டப்ஸின் பெயரால் பாடசாலை மாணவர்களுக்கான குத்துச்சண்டைக் கேடயம் ஒன்று நிறுவப்பட்டமையும், சேர் ஜோன் டாபர்ட்டின் பெயரால் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் இன்றுவரை நடைபெறுவதும், இவ்விளையாட்டுகளுக்கு ஆட்சியாளரும் உயர்குடியினரும் அளித்த மதிப்பைக் காட்டுகின்றன.

நகரத்துக் கல்லூரிகளில் தொடங்கிய இந்த மரபைத் தீவெங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொண்டு சென்றது இல்ல முறையாகும். பாடசாலை மாணவர்கள் அனைவரையும் மூன்று அல்லது நான்கு இல்லங்களாகப் பிரித்து, ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒரு பெயரும் ஒரு நிறமும் கொடுத்து, முதலாம் தவணையில் அவற்றுக்கிடையே மெய்வல்லுநர் போட்டி நடத்துவது இம்முறையின் சாரம். சுண்ணாம்புக் கோடிட்ட புல்தரையில் அணிநடையோடு தொடங்கும் அந்நாளில், ஓடியவர் பெறும் இடம் அவருக்குச் சான்றிதழாகவும், அவருடைய இல்லத்துக்குப் புள்ளிகளாகவும் கணக்கிடப்படுகிறது. நாள் முடிவில் நடைபெறும் அஞ்சலோட்டம், அதாவது நால்வர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கோலை மாற்றி ஓடும் போட்டி, பல ஆண்டுகளில் வெற்றியைத் தீர்மானிக்கும் நிகழ்ச்சியாகிவிடுகிறது. கணுக்கால் சுளுக்கிய பிள்ளை ஒன்று அஞ்சலோட்டத்திலிருந்து விலகினால் இழப்பு அப்பிள்ளைக்கு மட்டும் உரியதன்று. எஞ்சிய மூவரும் ஓட முடியாது போகும், இல்லம் புள்ளிகளை இழக்கும், இல்லப் பொறுப்பாசிரியரின் முகம் வாடும். ஆகவே எவரும் வற்புறுத்தாமலே, பழந்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பிள்ளை கோட்டுக்கு வந்து நின்றுவிடும். காயத்தோடு ஓடுவது தனியொருவரின் துணிவாகத் தோன்றினும், அந்தத் துணிவை உருவாக்கும் ஏற்பாடு இப்புள்ளிக் கணக்கினுள்ளேயே அமைந்திருக்கிறது.

கொழும்பு வடக்கின் வாழ்க்கைமுறை இவ்வேற்பாட்டுக்கு வேறொரு வலுவைக் கொடுத்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் ஆலைகளில் நின்றபடியே வேலை செய்தவர்களும் வாழ்ந்த வீடுகளில், வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லையென்பதால், நாரி நோவோடும் வீங்கிய முழங்காலோடும் வேலைக்குப் போவது இயல்பான நிகழ்வாயிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு மைதானத்தில் நோவைப் பொறுப்பது புதிய பாடமாக இருந்திருக்க முடியாது. காயத்துக்கான முதற் சிகிச்சையும் வீட்டிலேயே நடந்தது. தைலம் பூசித் தேய்ப்பது, சூடான உப்பு முடிச்சால் ஒத்தடம் கொடுப்பது, அதற்கும் அடங்காவிட்டால் முறிவு நெரிவு வைத்தியரிடம் கொண்டுபோவது என்ற ஒழுங்கு இன்றும் பல குடும்பங்களில் தொடர்கிறது. எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் மூலிகைப் பற்றாலும் மட்டைக் கட்டாலும் ஆற்றும் இவ்வைத்திய மரபு தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தது. அதில் தேர்ந்தவர்கள் கட்டுப் போட்டபின் நீண்ட ஓய்வையும் பத்தியத்தையும் கண்டிப்பாக விதித்தார்கள். வீட்டுத் தைலத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு அந்த ஓய்வு கிடைக்கவில்லை. சூடும் தேய்ப்பும் சற்று நேரம் நோவைத் தணிப்பதால், காயம் ஆறிவிட்டதென்று எண்ணி மறுநாளே ஓடப் போவதற்கு அவை வழியாயின.

1972 அளவில் சுகததாச விளையாட்டரங்கு எழுந்தபோது இந்நிலையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. கொழும்பு மாநகர முதல்வராகவும் அமைச்சராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயர் தாங்கிய அவ்வரங்கில், 1991 இல் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டு விழாவை ஒட்டிச் செயற்கை ஓடுபாதை அமைக்கப்பட்டது. 2006 இல் அவ்விழா மீண்டும் கொழும்புக்கு வந்தது. உள்ளக அரங்கும் நீச்சல் தடாகமும் விடுதியும் அதைச் சூழ அமைந்தமையால், தொலைதூர மாவட்டங்களின் பிள்ளைகளும் தேசிய மட்டத்துப் பாடசாலைப் போட்டிகளுக்காக இங்கே வரத் தொடங்கினர். 1952 இல் 17 வயதில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பங்கேற்று, 1958 இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் ஆசியத் தங்கம் வென்ற யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் காலத்தில், விளையாட்டு பெரும்பாலும் கல்லூரி மாணவரின் சிறப்பாகவே எண்ணப்பட்டது. 1998 இல் பாங்கொக்கில் தமயந்தி தர்ஷாவும் சுகத் திலகரத்னவும் சேர்ந்து மூன்று ஆசியத் தங்கங்களை வென்றதையும், 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் வென்ற வெண்கலம் 2009 இல் வெள்ளியாக உயர்த்தப்பட்டதையும் அடுத்து, ஓட்டம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு வாழ்க்கையில் முன்னேறும் வழியாகத் தெரியலாயிற்று. பெயர்பெற்ற கல்லூரியில் இடம், பல்கலைக்கழகத்துக்கான சிறப்பு அனுமதி, படைத்துறையிலோ பொலிஸிலோ வேலை ஆகியன பதக்கத்தோடு இணைந்து வந்தன. இவ்வாறு ஒரு போட்டியின் பெறுமதி உயர்ந்தபோது அதைத் தவறவிடுவதன் அச்சமும் உயர்ந்தது. முன்னர் இல்லத்துக்காக மறைக்கப்பட்ட நோவு இப்போது குடும்பத்தின் எதிர்காலத்துக்காக மறைக்கப்பட்டது.

பிள்ளையின் உடல் பெரியவர் உடலின் சிறிய வடிவம் அன்று என்ற உண்மையை மருத்துவம் இதற்கெல்லாம் முன்பே கண்டுகொண்டிருந்தது. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தகடுகள் உள்ளன. எலும்பு நீள்வது அவற்றாலேயே நிகழ்கிறது, பதின்ம வயதின் முடிவிலேயே அவை முழுதாக இறுகுகின்றன. அதுவரை தசைநாண் வலிமையாகவும், அது பற்றியிருக்கும் எலும்பிடம் மென்மையாகவும் இருப்பதால், திரும்பத் திரும்ப ஓடும்போதும் பாயும்போதும் இழுபடுவது அம்மென்மையான இடமே. முழங்காற் சில்லுக்குக் கீழே, கணைக்காலின் மேல்முனையில் வீக்கமும் நோவும் தோன்றும் நிலையை பொஸ்டன் நகரத்து ரொபர்ட் ஒஸ்கூட்டும் சூரிச் நகரத்து கார்ல் ஷ்லாட்டரும் 1903 இல் தனித்தனியே விவரித்தனர். குதிக்காலில் ஏற்படும் அதுபோன்ற நோவை 1912 இல் ஜேம்ஸ் செவர் விளக்கினார். நீண்ட நடைப்பயிற்சியால் படைவீரரின் பாதத்தில் உண்டாகும் நோவை 1855 இலேயே பிரசியப் படை மருத்துவர் பிரைட்ஹவுப்ட் பதிவு செய்திருந்தார். ஒரேயடியில் முறியாமல், ஓய்வற்ற மிதிப்பால் எலும்பில் மயிரிழை போல விழும் தகைப்பு முறிவே அதன் காரணமென்பது எக்ஸ்-கதிர் வந்தபின் தெளிவாயிற்று. மைதானம் கிடைக்காமல் தார்வீதியிலும் சீமெந்துத் தரையிலும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்குக் கணைக்காலின் முன்புறம் நோவெடுப்பது இம்முறிவின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். தொடக்கத்தில் சில வார ஓய்வால் ஆறக்கூடிய அது, அடக்கிக்கொண்டு ஓடினால் முழு முறிவாக முற்றும்.

பெண்பிள்ளைகளின் நிலையில் இன்னொரு நுட்பம் உண்டு. பயிற்சிக்கு ஈடான உணவு கிடைக்காதபோது மாதவிடாய் தடைப்படுவதும், அதைத் தொடர்ந்து எலும்பின் அடர்த்தி குறைவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் வரையறுத்தனர்; 2014 இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதனை விரித்து, ஆற்றல் பற்றாக்குறையால் ஆண், பெண் இருபாலாரின் உடலியக்கம் முழுவதும் பாதிக்கப்படுகிறது என்று அறிவித்தது. வேண்டுமென்றே உணவைக் குறைப்போர் மட்டுமன்றி, அதிகாலையில் தேநீரோடு பயிற்சிக்குப் போய் மதியம்வரை வேறெதுவும் உண்ணாதிருக்கும் வறிய வீட்டுப் பிள்ளைகளும் இவ்வாபத்துக்கு உள்ளாகலாம்.

நோயைப் பொறுத்தவரை, கிராண்ட்பாஸின் அமைவிடமே ஒரு காரணமாகிறது. களனி கங்கையின் வெள்ள அபாயத்தை நாட்டுக்கு அறிவிக்கும் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோல் இப்பகுதியிலேயே இருக்கிறது. 2016 மே மாதப் பெருவெள்ளத்தில் கரையோரக் குடியிருப்புகள் நீரில் மூழ்கின. புளூமெண்டலில் மாநகரக் குப்பை பல்லாண்டுகள் மலையாகக் குவிக்கப்பட்டிருந்தது. தேங்கும் நீரும் நெருக்கமும் நுளம்பைப் பெருக்குவதால், நாடெங்கும் 186,000 பேர் அளவில் டெங்கு நோயாளராகப் பதிவான 2017 இல் கொழும்பு மாவட்டமே முதலிடத்தில் இருந்தது. டெங்குவில் மிகவும் கவனிக்கவேண்டிய நேரம் காய்ச்சல் தணியும் நேரமாகும். உடல் குளிர்ந்து பிள்ளை தேறிவிட்டதாகத் தோன்றும் அந்நாட்களிலேயே குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். தசை நோவுக்காக விளையாட்டு வீரர் வழக்கமாக எடுக்கும் அஸ்பிரின், இபுபுரூபன், டிக்லோஃபெனக் போன்ற மருந்துகள் குருதிப்பெருக்கைத் தூண்டுமாதலால், டெங்குச் சந்தேகம் உள்ள காய்ச்சலில் பரசிற்றமோல் தவிர வேறு வலிநிவாரணி கூடாதென்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். 2006 இல் நாட்டில் பெரிதாகப் பரவிய சிக்குன்குன்யாவோ, காய்ச்சல் போனபின்னும் மாதக்கணக்கில் மூட்டுகளைப் பிடித்துக்கொள்ளும். இக்காய்ச்சல்களின் பின் உடல் முன்னைய வலிமையைப் பெற நாட்கள் வேண்டும் என்பது வீடுகளில் தெரியாததன்று. போட்டி நாள் நெருங்கும்போது அந்த அறிவு பின்தள்ளப்படுகிறது. வெயிலும் இதனோடு சேர்கிறது. இல்லப் போட்டிகள் நடைபெறும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தின் பிற்பகுதி கடும் வெப்பம் நிலவும் பருவமாகும். 2024 மார்ச்சில் கிழக்கிலங்கையின் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தமை, பிள்ளைகளை எந்த வேளையில், எந்த உடல்நிலையில் ஓடவிடுவது என்ற வினாவை நாடு முழுவதற்கும் உரியதாக்கியது.

கெத்தாராமை மைதானத்தில் 2011 மார்ச் 29 ஆம் நாள் நடைபெற்ற உலகக் கிண்ண அரையிறுதிப் போட்டி, காயத்தைச் சமூகம் நோக்கும் விதத்தின் இரு பக்கங்களை ஒருங்கே காட்டியது. தாய்மண்ணில் தமது இறுதிப் போட்டியில், 38 வயதில், காயங்களைப் பொறுத்துக்கொண்டு பந்துவீசிய முத்தையா முரளிதரன், அங்கே வீசிய கடைசிப் பந்தில் நியூசிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸை ஆட்டமிழக்கச் செய்தார். மைதானம் எழுந்து ஆர்ப்பரித்தது, நாடு பெருமைகொண்டது. அதே போட்டியின்போது உபுல் தரங்கவிடம் பெறப்பட்ட மாதிரியில், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் வகையைச் சேர்ந்த, தடைசெய்யப்பட்ட மருந்தின் சுவடு இருந்தமை பின்னர் தெரியவந்தது. தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்தே அதன் காரணமென்றும், ஆற்றலைக் கூட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லையென்றும் ஏற்கப்பட்டபோதிலும், மூன்று மாதத் தடை அவருக்கு விதிக்கப்பட்டது. இருவரும் முதிர்ந்தவர்கள், உடற்பயிற்சி வல்லுநரும் வைத்தியரும் சூழ இருந்தவர்கள், தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமை உள்ளவர்கள். அவர்களைப் பார்த்துப் பழகும் 13 வயதுப் பிள்ளைக்கு இம்மூன்றில் ஒன்றும் இல்லை. முதிர்ந்த வீரரின் இறுதிப் போட்டிக்குரிய துணிவை, எலும்பு இன்னும் இறுகாத பிள்ளையின் இல்லப் போட்டிக்கு அளவுகோலாக வைப்பது பெரும் பிழையாகும்.

இப்பிழை கொழும்புக்கு மட்டும் உரியதன்று என்பதையும், அதனை எவ்வாறு திருத்தலாம் என்பதையும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் வரலாறு மிகத் தெளிவாக எடுத்துரைக்கிறது. எஃகுக் கத்தி பொருத்திய காலணியோடு உறைபனித் தளத்தில் இசைக்கேற்பச் சுழன்றும் தாவியும் ஆடும் அவ்விளையாட்டில் பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே பங்கேற்றனர். 1924 இல் சமோனி குளிர்கால விளையாட்டு விழாவில் நோர்வேயின் சோனியா ஹெனிக்கு வயது 11. பனித்தளத்தில் வட்டங்களையும் வளைவுகளையும் துல்லியமாக வரைந்து காட்டும் கட்டாயச் சுற்று 1990 இல் உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டபின், வெற்றி தாவல்களைச் சார்ந்ததாயிற்று. காற்றில் மூன்று, நான்கு முறை சுழன்று ஒற்றைக்காலில் இறங்க மெலிந்த இளம் உடலே வாய்ப்பானது என்பதால், பெண்கள் பிரிவில் வாகை சூடுவோரின் வயது இறங்கியது. 1998 இல் 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்காவின் தாரா லிபின்ஸ்கி, சில ஆண்டுகளுக்குள் இடுப்பு மூட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. 2014 இல் 15 வயதில் குழுப் போட்டித் தங்கத்தில் பங்குபெற்ற ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்கயா, 2017 இல் உணவு மறுப்பு நோயின் காரணமாக விலகினார். 2014 நவம்பரில் ஷங்காயில் பயிற்சியின்போது மற்றொரு வீரரோடு மோதித் தலையிற் கட்டுடன் களமிறங்கிய 19 வயது யுசுரு ஹன்யு, ஐந்து முறை விழுந்தும் இரண்டாமிடம் பெற்றார். அதை வியந்து போற்றியவர்களோடு, தலையில் அடிபட்டவரை ஆடவிட்டது யாருடைய முடிவு என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

2022 இல் பீஜிங்கில் 15 வயதுடைய ரஷ்ய வீராங்கனை ஒருவர் ஊக்கமருந்துச் சர்ச்சையின் நடுவே ஆடவிடப்பட்டுத் தளத்தில் உடைந்து நின்றதை உலகம் பார்த்தபின், அவ்வாண்டு ஜூன் மாதம் புக்கெட் நகரில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம், சிரேஷ்ட பிரிவுக்கான குறைந்த வயதை 15 இலிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்துவதென்று ஆதரவாக 100, எதிராக 16 என்ற வாக்குகளால் தீர்மானித்தது. ஜிம்னாஸ்டிக் விளையாட்டு அவ்வாறே 1981 இல் 15 ஆகவும், 1997 இல் 16 ஆகவும் வயதெல்லையை உயர்த்தியிருந்தது. பிள்ளையிடம் பொறுமையாக இருக்கச் சொல்வதோ, பயிற்றுவிப்பாளரிடம் கருணை கேட்பதோ இவ்விளையாட்டுகளில் நிலைமையை மாற்றவில்லை. முடிவு செய்யும் சுமையை விதி ஏற்றுக்கொண்டபோதே மாற்றத்துக்கு வழி பிறந்தது.

இலங்கையில் அத்தகைய விதிகளுக்கு வேண்டிய அடித்தளம் இல்லாமலில்லை. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் வழியாகப் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நெடுங்காலமாக நடைபெறுகிறது. 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் சங்கங்களை ஒழுங்குபடுத்துகிறது. 1991 இல் நாடு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளை தொடர்பான எம்முடிவிலும் பிள்ளையின் நலனே முதன்மையானது என்கிறது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 2013 இல் ஊக்கமருந்துக்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. இவற்றின் பயன் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் மாலைப் பயிற்சி நடக்கும் இடத்தை எட்டவேண்டுமானால், சில எளிய ஒழுங்குகள் போதும். காய்ச்சலிலோ காயத்திலோ இருந்து எழுந்த பிள்ளை மீண்டும் ஓடலாமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கவேண்டும். தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களமிறங்கக்கூடாது. ஒவ்வோர் அணிக்கும் மாற்று ஓட்டக்காரர் கட்டாயம் இருக்கவேண்டும். நோவைச் சொன்ன பிள்ளை அடுத்த தேர்விலிருந்து நீக்கப்படக்கூடாது. தாண்டவேண்டிய தூரத்துக்கும் வயதுக்கும் பொருத்தம் பார்த்து, நீண்ட ஓட்டங்களை வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டும்.

காயத்தோடு ஓடிய பிள்ளைகளைக் குறைகூறுவதற்கு இவ்வரலாற்றில் இடமில்லை. அவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார்கள். கற்பித்தவர்கள் இல்லங்களையும் கேடயங்களையும் தேர்வு முறைகளையும் அமைத்த பெரியவர்களாதலால், மாற்றவேண்டிய பொறுப்பும் பெரியவர்களுடையதே. முதலாம் தவணைப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் ஒவ்வொரு பயிற்றுவிப்பாளரும் பெற்றோரும், பயிற்சி தொடங்குமுன் உனக்கு எங்கேனும் நோகிறதா என்று கேட்டு, ஆம் என்ற பதிலுக்கு ஓய்வு கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும்.